புகையிலை மஞ்சளானால்: சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

"புகையிலைக்குச் சுண்ணாம்பு போட்டால் இலை தடிக்கும், எடை கூடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பா அதை நம்பி, சூளையிலிருந்து இரண்டு டிராக்டர் சுண்ணாம்பு இறக்கி வயலெங்கும் விசிறிவிட்டார். ஐப்பசியில் நட்ட பயிர். கார்த்திகை முடிவதற்குள் கொழுந்தெல்லாம் எலுமிச்சம்பழ நிறம்.

"டேய், இதுக்கு ஒரு மருந்து சொல்லு."

"மண்ண எங்கயாச்சும் குடுத்துப் பாத்தீங்களா சித்தப்பா?"

"மண்ணுல என்னடா பாக்கறது? எங்கப்பன் காலத்துலேருந்து இதே மண்ணுதான்."

சுண்ணாம்பு விழாத வரப்போரமாக ஒரு பிடி மண் தோண்டி, பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் இரண்டு சொட்டு விட்டேன். சோடாவைத் திறந்ததுபோல நுரைத்தது. சுண்ணாம்புள்ள மண்தான் அப்படி நுரைக்கும். கீழே சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், ஓடும் நிலம். சுண்ணாம்பு அங்கே ஏற்கனவே தேவைக்குமேல் இருக்கிறது. அதன்மேல் இன்னும் இரண்டு டிராக்டர்.

அந்தச் செய்தியில் சொன்னது பொய் இல்லை, அது வேறு ஊர் மண்ணுக்கான பேச்சு. கர்நாடகத்தில் ஹுன்சூர், பிரியாபட்டணா பக்கத்துச் செம்மணலில் மானாவாரியாக வெர்ஜீனியா புகையிலை போடுகிறார்கள். மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும் மண் அது. மேற்கு வங்கத்தில் தின்ஹாட்டா பக்கத்து மணலும் புளிப்பு மண்தான். அங்கே சுண்ணாம்பு மருந்து. திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து மெல்லும் புகையிலை நிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வினை. கொடுமை என்னவென்றால், இரண்டு இடத்திலும் இலை மஞ்சளாகத்தான் ஆகும்.

அதனால் கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது, மண்ணின் பி.எச், அதாவது புளிப்பைக் காட்டும் எண், எவ்வளவு. அந்த எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும்.

தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இவை குறைந்தால் செடி அடி இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும்; அதனால் அடி இலை முதலில் கெடும். இரும்பு, போரான், கால்சியம், கந்தகம் இவற்றை அப்படி எளிதில் உருவ முடியாது. கொழுந்து முதலில் காட்டிக்கொடுக்கும். புகையிலையில் மாங்கனீசும் துத்தநாகமும் குறைந்தால் அடையாளம் பெரும்பாலும் அடி, நடு இலைகளில் தெரியும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் எந்த அடுக்கு இலை என்று பார்த்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பி.எச் 5.5-லிருந்து 6.5 வரை புகையிலைக்குச் சுகமான இடம். 5-க்கும் 6-க்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது, புளிப்பில் அது பத்து மடங்கு. மண் எடுக்கும்போது இலை தழைகளை ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு 'வி' மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். பயிர் நிற்கும்போது எடுப்பதாக இருந்தால் இரண்டு பொட்டலம்: கெட்ட இடத்தில் ஒன்று, நல்லா இருக்கிற இடத்தில் ஒன்று. ஒற்றைப் பொட்டலத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒப்பிடுவதற்கு எதுவும் கிடையாது. உரம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் பி.எச் இறங்கியே காட்டும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது மண் புளிக்கும். மண்வள அட்டைக்கு எடுக்கும் 12 சோதனைகளில் பி.எச், உப்பு நிலை, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம், போரான் எல்லாம் வந்துவிடும். மக்னீசியம் அதில் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நட்டு ஒரு மாதமாகியும் செடி குந்திக் கிடக்கிறது

வயல் முழுக்க இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கும். முழங்கால் உயரச் செடிக்குப் பக்கத்தில் சாண் உயரத்தில் ஒன்று நிற்கும். இதற்கு இலையைப் பார்த்துப் பயனில்லை. மண்வெட்டியால் வேரோடு அள்ளி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் பார்க்க வேண்டிய பொடிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பாகி, பக்கவேர் கிளைக்காமல் மொட்டையாக இருந்தால் அமில மண்ணின் வேலை. பி.எச் 5-ஐ ஒட்டி இறங்கும்போது களிமண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. வேர் நுனியைத்தான் அது முதலில் கருக்கும். வேர் ஆழம் போகாததால் நாலு நாள் வெயிலுக்கே செடி வாடும். போட்ட மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அலுமினியத்தோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மணிச்சத்து உரமான டி.ஏ.பி. போட்டும் பயிர் எழவில்லை என்று புலம்புகிற வயல்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

வேரில் அங்கங்கே தார் பூசியதுபோலக் கறுப்புத் துண்டுகள், நடுவில் வெள்ளைத் துண்டுகள் என்று இருந்தால் கருவேர் அழுகல். தைலாவியாப்சிஸ் என்கிற பூஞ்சாணம். இதைப் பார்த்ததும் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பூஞ்சாணத்துக்குப் புளிப்பு மண் பிடிக்காது. பி.எச் 5.6-ஐத் தாண்டத் தாண்டத்தான் அது தலையெடுக்கும். குந்திய பயிரைப் பார்த்து, மண் புளிச்சிருக்கும் என்று ஊகத்தில் சுண்ணாம்பு அடித்தால் நோய்க்கு விருந்து வைத்த கதை. புகையிலைக்குச் சுண்ணாம்பு போடும் ஊர்களில்கூட 6-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமிலம்தான் என்று உறுதியானால், நின்ற பயிருக்குச் சுண்ணாம்பு தூவி ஒன்றும் நடக்காது. பொடித்த சுண்ணாம்புக்கல் மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், மேலே தூவினால் மேலேயே கிடக்கும். இந்தப் பருவத்துக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: அம்மோனியம் சல்பேட்டை நிறுத்துங்கள், தழைச்சத்தை நைட்ரேட்டாகக் கொடுங்கள், மண் அணைத்துவிடுங்கள். அணைத்த மண்ணில் புதுவேர் விட்டால் செடி ஓரளவு தேறும்.

அடுத்த பருவத்துக்கு, நடவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சுண்ணாம்பு போட்டு உழுதுவிட வேண்டும். வைகாசியில் நடும் ஹுன்சூர்க்காரருக்கு மாசி என்று வையுங்கள். எவ்வளவு என்பதை பி.எச் எண்ணை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. ஒரே 5.2 என்றாலும் களி கலந்த மண் மணலைவிடப் பல மடங்கு சுண்ணாம்பு குடிக்கும். ஆய்வகத்தில் 'சுண்ணாம்புத் தேவை' என்று தனியாகக் கேட்டால் தாங்கல் கரைசல் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். மணற்பாங்கான நிலத்துக்கு ஒரே வருஷத்தில் ஏக்கருக்கு ஒரு டன்னுக்குமேல் நான் சொல்வதில்லை. குறைவாகப் போட்டால் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். அதிகமானதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, சித்தப்பாவைக் கேளுங்கள்.

சுண்ணாம்பிலும் வகை உண்டு. சுத்தமான சுண்ணாம்புக்கல்லின் அமிலம் முறிக்கும் திறனை 100 என்று வைத்தால், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் 109, நீற்றிய சுண்ணாம்பு சுமார் 135, சுட்ட சுண்ணாம்பு சுமார் 179. சுட்டதையும் நீற்றியதையும் கல்பொடி அளவுக்கே போட்டால் பி.எச் துள்ளிவிடும். என் ஓட்டு டோலமைட்டுக்கு: மக்னீசியமும் கூடவே கிடைக்கிறது. மாவு மாதிரி நைஸாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் அந்த வருஷத்துக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜிப்சத்தையும் சுண்ணாம்பு என்றே பலர் நினைக்கிறார்கள், கடையிலும் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். அதில் கால்சியமும் கந்தகமும் உண்டு. ஆனால் பி.எச்-ஐ ஒரு புள்ளிகூட ஏற்றாது.

மண் ஏன் புளித்தது என்பதையும் பார்க்க வேண்டும். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கச் சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ. கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் இந்தத் தொல்லை அதிகம் தராது.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இந்த ஓர் அடையாளத்துக்குத்தான் நேர் எதிரான இரண்டு மண்ணும் காரணமாக இருக்கும்.

சுக்கான் மண்ணில், பி.எச் ஏழரைக்குமேல் என்றால், அது இரும்புப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு கிடக்கும், செம்மண்ணின் நிறமே அதுதான், ஆனால் வேருக்குக் கரைந்து வராது. இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பச்சை நரம்புகள் வலை பின்னியதுபோலத் தெளிவாகத் தெரியும். மஞ்சளில் புள்ளியோ கருகலோ தொடக்கத்தில் இருக்காது. கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தாலும், தண்ணீர் கட்டிக் கட்டி மண் காயாமல் இருந்தாலும் கூடும். சில வயலில் ஒரு பாய்ச்சலைத் தள்ளிப் போட்டதுமே பாதி பச்சை திரும்பிவிடும். காசில்லாத வைத்தியம் என்பதால் முதலில் அதைச் செய்யச் சொல்வேன்.

பி.எச் 5-க்குப் பக்கத்தில், கனமழை பெய்து தண்ணீர் தேங்கிய பிறகு, இளஞ்செடியில் இதே மஞ்சள் வந்தால் அது மாங்கனீசு நஞ்சு. புளிப்பிலும் ஈரத்திலும் மாங்கனீசு அளவுக்குமீறிக் கரைந்து, செடிக்குள் இரும்பின் வேலையைக் கெடுக்கிறது. மஞ்சளுக்கு நடுவே, நரம்பை ஒட்டிப் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் இதன்மேல் சந்தேகம் வையுங்கள். வடிகால் வெட்டிவிட்டால், வேர் பரவப் பரவச் செடி தானாகவே தேறிவிடுவதும் உண்டு. இங்கே நுண்ணூட்டக் கலவை என்று ஒரு பொட்டலம் வாங்கித் தெளித்தால், அதற்குள்ளும் மாங்கனீசு இருக்கும்.

இரும்புதான் என்றால் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். இதில் பலர் சறுக்கும் இடம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்தால் வெளிர்பச்சையாக இருந்தது அரைமணி நேரத்தில் துருநிறமாகி அடியில் படிந்துவிடும். அதை அடித்தால் இலையில் கறைதான் மிச்சம், இரும்பு உள்ளே போகாது. முதலில் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு அன்னபேதியைப் போட்டு, கரைத்த கையோடு தெளியுங்கள். மாலையில் அடிப்பது நல்லது. வெயிலில் அடித்தால் இலை பொரியும். மற்ற பயிரில் இலை கொஞ்சம் பொரிந்தால் போகட்டும் என்று விடலாம், இங்கே இலைதான் காசு. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும். மண்ணில் போடுவதானால் மக்கிய எருவோடு கலந்து போடுங்கள். சுக்கான் மண்ணில் வெறும் அன்னபேதியைப் போட்டால் ஒரே வாரத்தில் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

கொழுந்து, நரம்பு உட்பட முழுதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் இரும்பு இல்லை, கந்தகம். மணலில், மழைக்குப் பிறகு வரும். ஜிப்சத்துக்கு அங்கேதான் வேலை.

அடி இலை நுனியிலிருந்து வெளுக்கிறது

தழைச்சத்துக் குறைவு என்று உடனே யூரியாவை எடுப்பார்கள். தழை குறைந்தால் நரம்பும் சேர்ந்து ஒரே சீராகப் பழுக்கும், செடியே வெளிறித் தெரியும். நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, நரம்புக்கு இடையில் உள்நோக்கி வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். முற்றினால் அடி இலை ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், ஆனால் சருகாகாது. அமெரிக்காவின் மணற்பாங்கான புகையிலைக் காடுகளில் கனமழைக்குப் பிறகு இது வந்ததால் 'மணல் மூழ்கல்' என்று பொருள்படும் பெயரிட்டிருந்தார்கள். 1920-களில்தான் காரணம் மக்னீசியம் என்று கண்டுபிடித்தார்கள். சாம்பல் சத்தை அள்ளிக் கொட்டிய நிலத்திலும் வரும், பொட்டாசியம் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உள்ளே போகும்.

நின்ற பயிருக்குப் பேதி உப்பு, அதாவது எப்சம் உப்பு, டேங்குக்கு 100 கிராம். வெளுத்த இலை முழுதாகத் திரும்பாது; வெளுப்பு மேலே ஏறாமல் நிற்கும். அமில மண் என்றால் நிரந்தர வழி டோலமைட்.

ஓரம் தீய்ந்து, இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, நுனிப் பக்கம் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது சாம்பல் சத்து. சிகரெட்டுக்குப் போகும் இலைக்குச் சிவப்பு பொட்டாஷ் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு இலையில் ஏறினால் இலை சரியாக எரியாது, ஈரம் இழுக்கும். விலை கூடுதல் என்றாலும் பொட்டாசியம் சல்பேட்டுதான்.

அடி, நடு இலையில் பொட்டுப் பொட்டாக வெள்ளை

சுண்ணாம்பு போட்ட அடுத்த பருவத்தில் இது வந்தால் மாங்கனீசுப் பற்றாக்குறை. மணற்பாங்கான நிலத்தில் பி.எச் 6.2-ஐத் தாண்டினாலே தொடங்கும். ஆளை ஏமாற்றுவது எது என்றால், காற்றில் ஓசோன் கூடும் நாட்களில் புகையிலைக்கு வரும் புள்ளியும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். ஓசோன் புள்ளி வயல் முழுக்க, பக்கத்து வயலிலும் வரும். மாங்கனீசுக் குறைவின் புள்ளியோ, உங்கள் சுண்ணாம்பு எங்கே கனமாக விழுந்ததோ, மூட்டை பிரித்த இடம், டிராக்டர் திரும்பிய முனை, அங்கே முதலில் வரும். வயலின் மூலையில் நின்று பார்த்தால் தெரியும். மாங்கனீசு சல்பேட் டேங்குக்கு 50 கிராம். விழுந்த புள்ளி மறையாது.

கொழுந்து திருகி, கருகுகிறது

இளங்கொழுந்தின் அடிப்பாகம் வெளிறி, நுனி பச்சையாக இருந்தால் போரான். கொழுந்து ஒருபக்கமாகத் திருகும்; வளர்ந்த இலை தடித்து, மடக்கினால் அப்பளம் மாதிரி ஒடியும்; நடுநரம்பைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு. கடைசியில் கொழுந்து செத்து, முனை கிள்ளும் வேலையைச் செடியே செய்துகொள்ளும், சிம்பு, அதாவது பக்கக் கிளை, கண்டபடி வெடிக்கும். இதற்கு நேர்மாறாக நுனி முதலில் கெட்டு, கொக்கி மாதிரி கீழே வளைந்து, பிறகு விரியும் இலையின் ஓரம் கத்தரித்ததுபோல இருந்தால் கால்சியம். அது பெரும்பாலும் அமில மண்ணில்தான்.

போரான் அமில மணலில் மழையோடு கழுவிப் போவதாலும் குறையும், சுண்ணாம்பு கூடினாலும் குறையும், நீண்ட வறட்சியிலும் குறையும். மருந்து வெங்காரம், அதாவது போராக்ஸ். அதில் போரான் 11 சதவீதம். ஏக்கருக்கு ஒரு கிலோ போதும், மணலோடோ எருவோடோ கலந்து சீராகத் தூவ வேண்டும். தெளிப்பதானால் டேங்குக்கு 10 கிராம், வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். "ஒரு கிலோவுல என்ன ஆகப்போகுது" என்று ஐந்து கிலோ போட்டவரின் வயலில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றதைப் பார்த்தேன். போதுமானதுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகலான சத்து வேறில்லை. ஒரு வருஷம் போட்டால் மறுவருஷம் மண் பார்க்காமல் போடாதீர்கள்.

கணு நெருங்கி, இலை சிறுத்துப் போகிறது

துத்தநாகம். கோழி எருவும் டி.ஏ.பி.யும் ஆண்டுக்கணக்கில் போட்ட நிலத்தில் மணிச்சத்து ஏறிப்போய் அதைப் பிடித்துக்கொள்ளும். சுக்கான் நிலத்தில் சொல்லவே வேண்டாம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட், கடைசி உழவில், டி.ஏ.பி.யோடு கலக்காமல். தெளிப்புக்கு டேங்குக்கு 50 கிராமுடன் நீற்றிய சுண்ணாம்பு 25 கிராமின் தெளிந்த நீர் சேர்த்தால் இலை பொரியாது. ஆட்டுக் கிடை போட்ட வயலில் இதை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

எதிலும் அடங்கவில்லை, அல்லது இரண்டு மூன்று சேர்ந்து தெரிகிறது

நடைமுறையில் பாதி வயல் இப்படித்தான். அறிக்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்தும் அடிக்க வேண்டாம். கெட்ட இடத்திலேயே ஐந்து வரிசை எடுத்து, ஒன்றில் அன்னபேதி, ஒன்றில் மாங்கனீசு, ஒன்றில் துத்தநாகம், ஒன்றில் பேதி உப்பு, ஒன்று வெறும் தண்ணீர். தலைச்செடியில் நிறம் நிறமாகத் துணி கட்டி, எது எந்த மருந்து என்று சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் புதுக்கொழுந்தைப் பாருங்கள். பழைய இலையைப் பார்க்காதீர்கள், அது திரும்பாது.

சித்தப்பா வயலில் சித்தியின் பழைய சேலையைக் கிழித்துத்தான் கட்டினோம். ஆறாம் நாள் காலையில் போன் வந்தது. "செவப்புத் துணி வரிசையில மட்டும் கொழுந்து கரும்பச்சை தட்டுதுடா. செவப்புல என்ன அடிச்ச?" அன்னபேதி. மொத்த வயலுக்கும் அடித்தோம், அந்தப் பருவம் மூன்று முறை. அந்தச் சுண்ணாம்பு இன்னும் மண்ணில்தான் இருக்கிறது. அடுத்த வருஷமும் அடிக்க வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு டிராக்டர் காசை மட்டும் சித்தியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.